சமையல் பிடிக்காதவளை டாக்டருக்குப் பிடிக்கும்

மதுரையில் ஒரு பெண் தனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று சொன்னால்கூட, "அதுக்கென்ன, எங்க சித்தப்பாவும் கறுப்புச் சட்டைதான்" என்று விட்டுவிடுவார்கள். சமையல் பிடிக்காது என்று சொன்னால் தெருவே திரும்பிப் பார்க்கும். "சமைக்கத் தெரியாதாம்" என்று எதிர்வீட்டில் சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போகும்போது "அம்மா வீட்டுல வளர்ப்பு சரியில்லையாம்" என்று வளர்ந்திருக்கும். எனக்குச் சமைக்கத் தெரியும். பிடிக்காது, அவ்வளவுதான். வருமான வரிப் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பிடித்துப்போய்ச் செய்வதில்லையே.

எங்கள் ஊரில் பெண்களுக்குள் வணக்கம் என்றால் "என்ன குழம்பு?" என்பதுதான். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து காலை ஒன்பது மணிக்கு இந்தக் கேள்வி வரும். "இனிமேத்தான் பார்க்கணும்" என்பேன். கேட்பவர் அதை முன்னேற்பாடு என்று எடுத்துக்கொள்வார். நான் அதை வேண்டுதலாகச் சொல்கிறேன்.

இந்த ஊரில் சமைக்காதவர்கள் பட்டினி கிடந்ததாகச் சரித்திரமே கிடையாது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சி பாடின காலத்திலேயே இங்கே பகலுக்கு நாளங்காடி, ராத்திரிக்கு அல்லங்காடி என்று இரண்டு ஷிப்டு ஓடியிருக்கிறது. இன்றைக்கும் நடுராத்திரியில் ஆவி பறக்க இட்லி கிடைக்கும். சிம்மக்கல்லில் கறிதோசை, விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா, எந்த முக்குக்குப் போனாலும் பரோட்டாக் கல்லில் இரண்டு கரண்டி தாளம் போடும் சத்தம். இதில் பன் பரோட்டா என்று ஒன்று. மைதா, எண்ணெய், சால்னா மூன்றும் சேர்ந்து செய்த சதி அது. ஆக, மதுரையில் சமையல் பிடிக்காதவருக்கு ஆபத்து பசியால் வராது. மாடிப்படி ஏறும்போதுதான் வரும்.

எங்கள் வீட்டுக்கு அது ஒரு ரத்தப் பரிசோதனைச் சீட்டாக வந்தது. மூன்று மாசச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். சமைக்கிறவளைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வழக்கம். பிறகு ஒரு தாளில் எழுத ஆரம்பித்தார். தட்டில் பாதி காய், கீரை. அவித்த பயறு. ஆவியில் வெந்தது. மோர். பச்சை வெள்ளரிக்காய். எண்ணெயைக் குறைக்கவும். இனிப்பு வேண்டவே வேண்டாம். நான் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். வதக்கு, வறு, பொரி, அரை, கிண்டு என்ற ஏவல் வினை ஒன்றுகூட அதில் இல்லை. எனக்கென்றே எழுதின மாதிரி இருந்தது. "இதெல்லாம் கஷ்டமாத்தான் இருக்கும், பழகிக்கணும்" என்றார் டாக்டர். முகத்தை வாட்டமாக வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

முதலில் சுண்டல். ராத்திரி படுக்கப் போகும்போது கறுப்புக் கொண்டைக்கடலையைக் கழுவித் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். காலையில் உப்புப் போட்டுக் குக்கரில் ஐந்தாறு விசில். நடுவில் பேப்பர் படிக்கலாம். வெந்ததும் வடித்து, நறுக்கின வெங்காயம், மாங்காய் சீசனாக இருந்தால் அதில் நாலு துண்டு, ஒரு மூடி எலுமிச்சை, கொத்தமல்லி. தாளிக்கக் கூடாது. தாளித்தால் அது சமையல் ஆகிவிடும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, உசிலம்பட்டிப் பக்கத்து மொச்சை என்று நாளுக்கொன்றாக மாற்றினால் ஒரு வாரம் ஓடிவிடும், ஒரே வேலையைச் செய்கிறோம் என்பதும் யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் சுண்டல், ஒரு பக்கம் வெள்ளரி, ஒரு கரண்டி சோறு என்று தட்டை வைத்தேன்.

மாமியார் எட்டிப் பார்த்தார். "ஏத்தா, இது என்ன, நோயாளிக்கு வச்ச சாப்பாடு மாதிரியில்ல இருக்கு?"

"நோயாளிக்குத்தான் அத்தை வச்சிருக்கேன்."

"தாளிக்கக்கூட இல்லையே. தாளிக்காத சாப்பாடு தாலி கட்டாத கல்யாணம்த்தா."

"டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருக்காரு அத்தை."

டாக்டர் என்ற சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது. அத்தை உள்ளே போய்த் தனக்கு மட்டும் இரண்டு அப்பளம் பொரித்துக்கொண்டு வந்தார். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

காய்கறி வாங்குவதில் எனக்கு வருத்தமே இல்லை. சமையல் பிடிக்காதவர்களுக்குச் சந்தை பிடிக்கும், இதை யாரும் கண்டுகொள்வதில்லை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை எங்கள் ஊரில்தான், அண்ணா நகரில், 1999 நவம்பர் 14 அன்று திறந்தது. விடிகாலையில் போனால் பனி ஈரத்தோடு கீரைக்கட்டு கிடைக்கும். தகராறெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான். முருங்கைக்கீரை உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று பேசுகிறவர்கள் எல்லாரும் அதை உருவாதவர்கள். நான் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். கட்டைப் பிரித்து உதறி, பழைய வேட்டியில் சுற்றி ராத்திரி ஒரு மூலையில் வைத்துவிட்டால், காலையில் உதறின உதறலில் இலை தானாகக் கொட்டிவிடும். காம்பை மட்டும் பொறுக்கினால் போதும். அரிசி, பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, சீரகம், அந்தக் கீரை எல்லாவற்றையும் ஒரே குக்கரில் போட்டால் ஒரு நேரச் சாப்பாடு முடிந்தது. கழுவப் பாத்திரமும் ஒன்றே ஒன்று. சமையலில் எனக்குப் பிடிக்காதது அடுப்பைவிடத் தொட்டிதான் என்பதைப் பெண்கள் புரிந்துகொள்வார்கள்.

இட்லியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு மாவு பாக்கெட் விற்கிறார்கள். ஊறவைத்து, ஆட்டி, பொங்கவைத்து எல்லாவற்றையும் வேறு யாரோ செய்துவிட்ட பிறகு, ஊற்றி மூடுவது மட்டும் நம் வேலை. மாவு புளித்துவிட்டால் மறுநாள் தோசை, அதற்கும் மறுநாள் மௌனம்.

உப்புமாவுக்குத்தான் நான் வக்காலத்து வாங்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் உப்புமா என்றால் வீட்டுக்காரர் முகம் சுண்டிவிடும். "ஏன், ஊர்ல பஞ்சமா?" என்பார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தை மு.க. ஸ்டாலின் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்தது எங்கள் ஊரில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில். அந்தத் திட்டத்தின் பட்டியலைப் பாருங்கள்: உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறி சாம்பார். லட்சக்கணக்கான பிள்ளைகளுக்குக் காலையில் சீக்கிரமாகவும் சத்தாகவும் என்ன போடலாம் என்று ஒரு மாநில அரசே உட்கார்ந்து யோசித்து, கடைசியில் நான் வந்து சேர்ந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது. பட்டியல் வந்திருந்த பேப்பரை வீட்டுக்காரர் முன்னால் வைத்தேன். "அவங்க காய் போடுறாங்களே, நீ போடுறியா?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து ரவைக்குச் சமமாகக் கேரட், பீன்ஸ், பட்டாணி போடுகிறேன். கோதுமை ரவையாக இருந்தால் இன்னும் நல்லது. ரவை தெரியாத அளவுக்குக் காய் இருந்தால் அதற்குக் கிச்சடி என்று பெயர். பெயர் மாறினதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது.

அடுப்பே வேண்டாம், எல்லாவற்றையும் பச்சையாகவே தின்றுவிட்டால் என்ன என்று ஒரு கட்டத்தில் எனக்குத் தோன்றியது உண்மைதான். அதற்குள் காந்தி குறுக்கே வந்துவிட்டார். 1921 செப்டம்பர் 22 அன்று இதே மதுரையில், மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அவர் மேலாடையை விட்டு அரைவேட்டிக்கு மாறினார். எட்டு வருஷம் கழித்து, 1929-இல், அடுப்பையும் விட்டுப் பார்த்தார். முளைவிட்ட கோதுமை, அரைத்த பாதாம், பச்சை இலை, எலுமிச்சை, தேன் என்று சமைக்காத உணவிலேயே ஆசிரமத்தில் சோதனை நடத்தி, பத்திரிகையிலும் எழுதினார். சில மாசத்தில் வயிற்றுக்கடுப்பு வந்து படுத்துவிட்டார், சோதனையும் நின்றது. ஆடையைக் குறைத்தது கடைசிவரை நிலைத்தது, அடுப்பைக் குறைத்தது நிலைக்கவில்லை. அவராலேயே முடியாதது வெள்ளிக்கிழமை பருத்திப்பால் வண்டி மணி அடித்தால் செருப்பைத் தேடுகிற என்னால் முடியுமா? வெள்ளரி, வெங்காயம், கொய்யாவோடு பச்சையை நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு இந்தச் சோதனையெல்லாம் தேவைப்படவில்லை. மிஞ்சின சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவார். அவர் தூங்க, சமையல் தானாக நடக்கும். உண்மையில் சமைத்தது லாக்டிக் அமில பாக்டீரியா. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோய்க்குப் பழைய சோற்றை வைத்து ஆய்வு நடத்தின அளவுக்கு அதற்கு மரியாதை வந்துவிட்டது. அப்பத்தா இருந்தால் "இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றிருப்பார். ஆனால் சர்க்கரைக்காரர்கள் சட்டியோடு உட்கார்ந்துவிட வேண்டாம். பழசானாலும் சோறு சோறுதான். எங்கள் வீட்டில் வீட்டுக்காரருக்கு நீச்சத்தண்ணியில் மோர் ஊற்றி உப்புப் போட்டு ஒரு டம்ளர், சோறு எனக்கு.

கம்பங்கூழ் விஷயத்தில் நான் தோற்றேன் என்று சொல்ல மாட்டேன், முயலவே இல்லை. கம்பை ஊறவைத்து, இடித்து, புளிக்கவைத்து, அடிப்பிடிக்காமல் கிண்ட வேண்டும். அதற்கு எங்கள் பகுதியில் மரத்தடியில் ஒரு அக்கா வண்டி போட்டிருக்கிறார். பானையிலிருந்து கூழை அள்ளி, மோரும் சின்ன வெங்காயமும் போட்டு, கரண்டியைத் தொடாமல் கையாலேயே கரைப்பார். சுற்றிலும் தட்டுத் தட்டாக வெஞ்சனம்: மோர் மிளகாய், சுண்டவத்தல், கொத்தவரை வத்தல், மாங்காய்க் கீற்று, துவையல். கூட்டம் கூழுக்கு வருகிறதா வெஞ்சனத்துக்கு வருகிறதா என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அக்காவுக்கு அந்தத் தகவல் வரவில்லை. சொன்னபோது, "அப்ப அடுத்த வருஷம் குடிக்கக் கூடாதாக்கும்?" என்று கேட்டார்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். வண்டியில் அடுக்கியிருக்கிற வத்தலெல்லாம் உப்பில் ஊறி எண்ணெயில் குளித்தது. டாக்டர் சீட்டு வைத்திருப்பவர்கள் மாங்காயும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்குள் போய்விட வேண்டும், அதற்கு மேல் பானை கவிழ்ந்துவிடும். பிளாஸ்டிக் பையில் கட்டித் தரச் சொல்லாமல் வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி கொண்டு போங்கள், அக்கா ஒரு கரண்டி கூடவே ஊற்றுவார்.