பாதி டாக்டர்

இந்திய அரசைப் பொறுத்தவரை நான் இன்னும் டாக்டர் இல்லை. ராஜபாளையத்தைப் பொறுத்தவரை, ஜார்ஜியாவுக்கு விமானம் ஏறிய அன்றைக்கே ஆகிவிட்டேன். இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவில் படுத்துக் கிடக்கிறது எஃப்.எம்.ஜி.இ. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே தொழில் செய்ய, 2002 முதல் எழுதியாக வேண்டிய பரீட்சை. 19 பாடங்கள், 300 கேள்விகள். இரண்டு வேளையாகப் பிரித்து ஒரே நாளில் எழுத வேண்டும். தப்பான விடைக்கு மார்க்கைப் பிடுங்க மாட்டார்கள். 150 எடுத்தால் பாஸ். இவ்வளவு தாராளம் காட்டியும், 2024 ஜூன் பருவத் தேர்வை எழுதியவர்களில் தேறியது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான்.

பாஸாகாமல் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதை தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019 தெளிவாகச் சொல்கிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

"ஏப்பா டாக்டரு, மூணு நாளா தலை சுத்துது. ஒரு மாத்திரை எழுதிக் குடேன்" என்றார் எதிர்வீட்டு அத்தை.

"நான் எழுதிக் குடுத்தா ஜெயில்ல போட்டுருவாங்க அத்தை."

"அம்புட்டு மோசமான மாத்திரையா? அப்ப வேற எழுது."

பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி வைத்திருக்கும் மாமா, "ஒரு இஞ்சுக்கு எத்தனை இழைன்னு கேப்பாங்களா?" என்று விசாரித்தார். கேட்க மாட்டார்கள் என்றதும் பரீட்சையின் மீது அவருக்கு இருந்த மரியாதை போய்விட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியப்பா விவகாரம் வேறு. வெறும் வயிற்றில் சர்க்கரை 126-ஐத் தொட்டாலே நோய் என்பது பாடம். பெரியப்பா அதை எப்போதோ தாண்டிவிட்டார். "நம்ம ஊரு பால்கோவா ஒண்ணும் செய்யாதுல்ல? புவிசார் குறியீடே குடுத்திருக்கான்!" என்றார். 2019-இல் கொடுத்தது உண்மைதான். பால்கோவாவுக்கு அரசாங்கச் சான்றிதழ் வந்துவிட்டது, எனக்குத்தான் பாக்கி. "சாப்பிடாதீங்க பெரியப்பா" என்றேன். "நீ மொதல்ல பாஸ் பண்ணு, அப்புறம் கேக்குறேன்" என்று இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். மாத்திரை எழுத நான் டாக்டர். பால்கோவாவை நிறுத்தச் சொன்னால் பரீட்சை எழுதாத பையன்.

என்னிடம் எதுவும் கேட்காத ஒரே ஜீவன் பக்கத்து வீட்டு ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு. மாடியில் நான் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தால் அது மட்டும் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு காது-மூக்கு-தொண்டைப் பாடத்தில் வாடன்பர்க் சிண்ட்ரோம் வந்தது: நிறமிச் செல்கள் தோலிலும் முடியிலும் குறைவதோடு உட்காதிலும் குறைந்தால் காது கேட்காது. வெள்ளை நாய்கள் சிலவற்றுக்குச் செவிடு வருவதும் இதே காரணத்தால்தான். பின்னால் நின்று கைதட்டிப் பார்த்தேன். நாய் திரும்பவில்லை. உரிமையாளரிடம் சொல்லவில்லை, கால்நடை மருத்துவக் கவுன்சிலும் என்னைத் தேடும்படி ஆகிவிடக்கூடாது.

சஞ்சீவி மலை எங்கள் ஊரில்தான் நிற்கிறது. அனுமார் தூக்கிப் போனதில் ஒரு துண்டு இங்கே விழுந்தது என்பார்கள். எந்த மூலிகை என்று தெரியாமல் மலையையே பெயர்த்துக்கொண்டு போனவர் அவர். 19 பாடங்களுக்கும் வேறு படிப்பு முறை கிடையாது.

அம்மாவின் முறை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள். அந்தச் சன்னதிக்கு ஊர் உலகமெல்லாம் வரன் கேட்டு வருகிறது. அம்மா மார்க் கேட்டு நின்றார். "முழுசாவா கேக்குறேன் தாயே? முன்னூத்துல பாதிதானே!" பிராகாரம் சுற்றும்போது பதினோரு நிலை ராஜகோபுரத்தைக் காட்டி, "கவர்மெண்டு முத்திரையிலயே இருக்குற கோபுரம்டா. இங்க மனு போட்டா நடக்கும்" என்றார். அது தமிழக அரசின் முத்திரை, பரீட்சை நடத்துவது டெல்லியில் இருக்கும் தேசியத் தேர்வு வாரியம் என்று விளக்கினேன். "பெருமாள் டெல்லியிலயும் இருக்காரு. நீ போய்ப் படி" என்றார். அதிகார வரம்பு பற்றி அம்மாவுக்கு இருக்கும் தெளிவு எனக்கு இல்லை.

பாஸானாலும் உடனே போர்டு மாட்ட முடியாது. ஒரு வருடம் இன்டர்ன்ஷிப் உண்டு. அதன் பிறகுதான் நிரந்தரப் பதிவு. ஆகவே இரண்டு ஊர்ப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். தலை சுற்றினால் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அங்கே ஓ.பி. சீட்டும் உண்டு, பதிவு பெற்ற டாக்டரும் உண்டு. ரிசல்ட் எப்போது என்று கேட்காதீர்கள். என்னிடம் கட்டாயம் பேசத்தான் வேண்டுமென்றால் மாம்பழ விலையைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை.