குனிந்து பாருங்கள்!

(இந்த வாரம் குட்டி உலகம் கட்டுபவர்களின் கேள்விகளுக்கு மட்டும் பதில்.)

கொலு ரசிகை, மயிலாப்பூர்: டயோரமா, டயோரமா என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

நவராத்திரிக்குக் கொலுப்படி முன்னால் மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி 'பார்க்' கட்டுவீர்களே, அதுதான். இத்தனை வருடமாக நீங்கள் டயோரமா கலைஞர். யாரும் உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெயர் மட்டும் பாரீஸ் சரக்கு. 1822-ல் லூயி டாகேர் என்பவர் ராட்சதத் திரையில் ஓவியம் தீட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பகலை இரவாக்கிக் காட்டிய அரங்குக்கு வைத்த பெயர் அது. புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரும் இதே டாகேர்தான். 1839-ல் அரங்கு எரிந்து போனது. பெயர் மட்டும் பிழைத்து, பிற்பாடு மேசை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

சந்தேகப் பிராணி, கோவை: ஊருக்கு நல்லது சொல்ல மைக் இருக்கிறது, போஸ்டர் இருக்கிறது. பொம்மை எதற்கு?

மைக்கைக் கேட்டால் ஜன்னலைச் சாத்துகிறோம். போஸ்டரைக் கடைசி வரி வரை விடாமல் முடிப்பது மாடு மட்டும்தான். பொம்மையைக் கண்டால் குனிகிறோம். குனிந்தவர் உடனே வாதாட மாட்டார், முதலில் பார்ப்பார். "அட, சைக்கிளுக்குச் செயின்கூட இருக்கே!" என்று வியந்த பிறகுதான், அந்த சைக்கிள் ஏன் ஹேண்டில்பார் வரை தண்ணீரில் நிற்கிறது என்று கண்ணில் படும். அப்போது பேச்சை ஆரம்பிப்பது அவர்தான். உங்களுக்கு வேலை மிச்சம்.

வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்: பொம்மையால் உலகில் எதுவாவது மாறியிருக்கிறதா?

'புரூக்ஸ்' என்றொரு அடிமைக் கப்பல். அதன் தளங்களில் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்ற வரைபடத்தை, அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர்கள் 1788-ல் இங்கிலாந்தில் அச்சிட்டார்கள். பிறகு மரத்தில் அதன் குட்டி மாதிரியும் வந்தது. அந்த வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் அதை அவைக்கே எடுத்துப்போனார். பிரான்சில் புரட்சிக் காலத் தலைவர் மிராபோவும் ஒன்று செய்து வைத்துக்கொண்டார். சொற்பொழிவு என்றால் "கொஞ்சம் மிகைதான்" என்று தட்டிக் கழிக்கலாம். மேசை மேல் கப்பலை வைத்து, "இத்தனை பேர் இதில் எங்கே புரண்டு படுப்பார்கள், காட்டுங்கள்" என்றால் என்ன செய்வது? 1807-ல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடை செய்தது. பொம்மைக் கப்பல் தனியாகச் சாதித்ததல்ல; இருபது வருடப் போராட்டம். ஆனால் போராடியவர்கள் வரிசையில் அந்தக் கப்பலும் நின்றது. இன்றும் ஹல் நகரில் வில்பர்ஃபோர்ஸ் பிறந்த வீட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

துப்பறியும் கதை வாசகர், சேலம்: குட்டிக் காட்சியில் சஸ்பென்ஸ் வைக்க முடியுமா?

முடியுமாவா? அமெரிக்காவில் பிரான்சஸ் கிளெஸ்னர் லீ என்ற பணக்கார அம்மாள் 1940-களில் பொம்மை வீடுகள் கட்டினார். எல்லாவற்றிலும் ஒரு பிணமாவது கிடக்கும். கொலையா, தற்கொலையா, விபத்தா என்று போலீஸ்காரர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பிணத்தின் காலுறையைக் குண்டூசிகளால் பின்னினார் என்றால் அம்மாளின் பொறுமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கவனிக்க வேண்டிய இன்னொன்று: செத்துக் கிடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஏழைகள். யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத சாவுகளை உற்றுப் பார்க்க வைத்தார். பால்டிமோரில் இன்றும் பயிற்சிக்கு அவை பயன்படுகின்றன. அதனால் விடைகளை வெளியே சொல்வதில்லை. நல்ல டயோரமாவுக்கு இதுவே இலக்கணம். கேள்வியைக் கட்டுங்கள், பதிலை ஒட்டாதீர்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன், திண்டுக்கல்: எந்த அளவில் செய்வது அண்ணா?

பொம்மை ரயில்காரர்களின் அளவு 1-க்கு 87. அதில் ஐந்தரை அடி ஆள் இரண்டு சென்டிமீட்டரைத் தொட மாட்டார். பிறந்த குழந்தை ஓர் அரிசி மணி. பொம்மை வீட்டு அளவு 1-க்கு 12. அதே ஆள் 14 செ.மீ. ஊர் தெரிய வேண்டுமென்றால் முதலாவது, முகம் தெரிய வேண்டுமென்றால் இரண்டாவது. ஒன்றைப் பிடித்தால் விடாதே, தம்பி. வீட்டில் கிடக்கிறதே என்று ஆளைவிட உயரமான கோழியைக் கொண்டுவந்து வைத்தால், ஜனங்கள் கோழியைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அறிவியல் ஆசிரியை, தேனி: 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்' கண்காட்சிக்குப் பிள்ளைகள் தெர்மாகோலில் மாதிரி செய்து வருகிறார்கள். என்ன சொல்ல?

உங்கள் பக்கத்து வைகை அணையில் 2017-ல் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க தெர்மாகோலை மிதக்கவிட்டு, காற்று அதைக் கரைக்கு அடித்துத் தள்ளிய பிறகும் அந்தப் பொருள் மேல் தமிழனுக்கு நம்பிக்கை போகவில்லை பாருங்கள்! தஞ்சாவூர்க்காரர்கள் நெட்டியில் கோபுரமே செதுக்குகிறார்கள். நீர்நிலையில் வளரும் செடியின் தண்டு. வெள்ளை, லேசு, கத்தி சொன்னபடி கேட்கும். புவிசார் குறியீடு பெற்ற கைவேலை. அது கிடைக்காவிட்டால் அட்டைப்பெட்டியும் காகிதக்கூழும் போதும். வடிகட்டிக் காயவைத்த டீத்தூள் மண்ணாகும், தேங்காய் நார் புதராகும். தண்ணீருக்கு ஃபெவிகாலை மெல்லிசாக ஊற்றி, முழுசாகக் காயவிட்டு, மறுபடி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் ஏரிக்குப் பதில் தயிர்தான் கிடைக்கும். கூவம் வேண்டுமென்றால் ஒரு சொட்டுக் கறுப்பு இங்க்.

குடும்பத்தலைவி, தாம்பரம்: கணவர் ஒரு மாதமாக டைனிங் டேபிளில் 'ஏரி ஆக்கிரமிப்பு' டயோரமா செய்கிறார். சாப்பிட இடமில்லை!

ஆக்கிரமிப்பை இவ்வளவு தத்ரூபமாக யாரும் காட்டியதில்லை. காலி செய்யச் சொல்லி டேபிளில் ஒரு நோட்டீஸ் ஒட்டுங்கள். அவர் பட்டா கேட்பார், ஜாக்கிரதை.

வேளச்சேரிவாசி: பள்ளிக்கரணை சதுப்பு நிலம் முழுவதையும் செய்ய ஆசை. எவ்வளவு இடம் வேண்டும்?

2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பரப்பு 1,247 ஹெக்டேர். 1-க்கு 87 அளவில் செய்தால் 40 மீட்டருக்கு 40 மீட்டர். கல்யாண மண்டபம்தான் பிடிக்க வேண்டும். அந்த மண்டபமே ஏதாவது ஏரி மேல் கட்டியதாக இருக்கலாம். 1-க்கு 5,000 என்று சுருக்கினால் 70 செ.மீ. சதுரம், டீபாயில் அடங்கிவிடும். ஆனால் அதில் மனிதன் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. தூசி என்று துடைத்துவிடுவார்கள். நிலத்தைக் காட்டினால் ஆள் மறைகிறான், ஆளைக் காட்டினால் நிலம் மறைகிறது. மனை விற்பவர்களுக்கு இந்த வித்தை அத்துப்படி. வீட்டைப் பெரிதாகப் போட்டு, ஏரியைத் தாளுக்கு வெளியே தள்ளிவிடுவார்கள்.

ஆகவே ஒரு மூலையை மட்டும் எடுங்கள். ஒரு காம்பவுண்டுச் சுவர். இந்தப் பக்கம் துடைத்து வைத்த கார். அந்தப் பக்கம் நாணல், ஒரு நீலத் தாழைக்கோழி. சுவரில் 2015 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு. கோடு காரின் கூரைக்கு மேலே போகட்டும். மற்றதைப் பார்ப்பவர்கள் பேசிக்கொள்வார்கள், முக்கியமாக வேளச்சேரிக்காரர்கள்.

டீ பிரியர், மதுரைப் பக்கம்: சாதியைப் பற்றி எங்கள் ஊரில் வாயைத் திறந்தாலே சண்டை. பொம்மையில் சொல்ல முடியுமா?

ஆளே வேண்டாம். ஆள் வந்தால் "இது யார்? எந்தத் தெரு?" என்று கிளம்பிவிடுவார்கள். காலியான ஒரு டீக்கடை செய்யுங்கள். பெஞ்சில் நாலு கண்ணாடி கிளாஸ். வெளியே கூரை வாரையில் செருகிய ஒரே ஒரு சிரட்டை. 1-க்கு 12 அளவில் சிரட்டைக்கு, ஒரு சுண்டைக்காய் வற்றலைப் பாதியாக நறுக்கி விதையைச் சுரண்டிவிட்டால் அச்சு அசல். இளவட்டம் "இது என்ன தாத்தா, கூரையில சிரட்டை?" என்று கேட்கும். தாத்தா என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதுதான் உங்கள் கண்காட்சி.

கவிதைத் தலைப்பு தேடுபவர், புதுச்சேரி: டயோரமாவுக்குத் தலைப்பு வைக்க வேண்டுமா?

ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஐசக் கோர்டால், கோட்டு போட்ட வழுக்கைத் தலை சிமென்ட் மனிதர்களைச் செய்து ஊர் ஊராக மூலை முடுக்குகளில் வைப்பவர். 2011-ல் பெர்லினில் ஒரு தெருக் குட்டைத் தண்ணீரில் ஒரு கூட்டத்தை இறக்கிவிட்டார். அவர் வைத்த வரிசையின் பெயருக்குத் 'தலைவர்களைப் பின்தொடர்' என்று பொருள். சில வருடம் கழித்துப் படம் இணையத்தில் பரவியபோது, யாரோ 'புவி வெப்பமாதலைப் பற்றி விவாதிக்கும் அரசியல்வாதிகள்' என்று போட்டுவிட்டார்கள். இன்றுவரை உலகத்துக்கு அதுதான் பெயர். குழந்தையைப் பெற்றுத் தெருவில் விட்டால், பெயரைத் தெருதான் வைக்கும். சில சமயம் நன்றாகவே வைக்கும்.

வெளிநாடுவாழ் வாசகர், டொரோண்டோ: விட்டுவந்த வீட்டைச் செய்தால் அது சமூகப் பிரச்சினையா, சொந்த ஏக்கமா?

டமாஸ்கஸில் பிறந்த கட்டடக் கலைஞர் முகமது ஹஃபீஸ் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா. ஊருக்குப் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை. ஏக்கம் தாங்காமல் டமாஸ்கஸ் தெருவைக் குட்டியாகக் கட்ட ஆரம்பித்தார். பிறகு சிரியாவில் போர் வந்தது. அகதிகளின் கதைகளைக் கேட்டு, அவர்கள் விட்டுவந்த அறைகளைத் திறந்த சூட்கேசுகளுக்குள் கட்டினார். பக்கத்தில் அவரவர் கதை ஒலிக்கும். உங்கள் கேள்விக்குப் பதில் அந்தச் சூட்கேசில் இருக்கிறது. ஒருவருடைய ஏக்கத்தில் ஊரின் கதையே இருக்கும். யாழ்ப்பாணத்து வீட்டுத் திண்ணையைச் செய்து பாருங்கள், புரியும்.

நியாயவாதி, நாகர்கோவில்: டயோரமா பொய் சொல்லுமா?

நன்றாகவே சொல்லும், கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு. நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1939-ல் ஒரு காட்சி வைத்தார்கள். டச்சுக்காரத் தலைவரைப் பார்க்க அந்த மண்ணின் லெனாபி மக்கள் வருகிறார்கள். டச்சுக்காரர்கள் மிடுக்கு உடையில். வந்தவர்கள் அரை நிர்வாணமாய், அவர்களின் பெண்கள் குனிந்த தலையோடு பின்னால். ஏறத்தாழ எண்பது வருடம் பள்ளிப் பிள்ளைகள் அதைத்தான் வரலாறு என்று பார்த்தார்கள். 2018-ல் அருங்காட்சியகம் காட்சியை அகற்றவில்லை. எது எது தவறு என்று கண்ணாடி மேலேயே பெரிய எழுத்தில் ஒட்டியது. இப்போது பொய்யும் தெரியும், திருத்தமும் தெரியும். ஏழையைச் செய்யும்போதெல்லாம் கிழிந்த சட்டையும் ஒட்டிய வயிறும் போடுகிறவர்கள் இந்தக் கண்ணாடியை நினைத்துக்கொள்வது நல்லது.

கணினிப் பொறியாளர், ஓசூர்: ஏஐ-யிடம் சொன்னால் அஞ்சு நொடியில் படம். மூணு மாசம் எதற்கு முதுகை ஒடிக்க வேண்டும்?

ஏரியைச் செய்யத் தொடங்கினால் மதகு எந்தப் பக்கம் என்று கேள்வி வரும். கேட்க ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அங்கே மதகு இருக்காது. எங்கே போனது என்று ஒரு பெரியவரைக் கேட்க வேண்டும். மூன்று மாதம் அதற்குத்தான். ஏஐ மதகை அதுவாகவே வைத்துவிடும், நீங்களும் வீட்டிலேயே இருந்துவிடுவீர்கள்.

மனமுடைந்தவர், ஈரோடு: இரண்டு மாதம் செய்ததை என் மூன்று வயதுப் பேரன் ஒரே நிமிடத்தில் நாசம் செய்துவிட்டான்!

லண்டனில் சாப்மன் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான குட்டி பொம்மைகளால் 'நரகம்' என்று ஒன்று செய்தார்கள். 2004-ல் கிடங்கு தீயில் மொத்தமும் சாம்பல். திரும்ப உட்கார்ந்து, 2008-ல் இன்னும் பெரிதாகச் செய்து காட்டினார்கள். நீங்களும் உட்காருங்கள். இம்முறை தலைப்பு 'இயற்கைச் சீற்றம்'. பேரனைப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

வம்புக்காரர், திருநெல்வேலி: நீங்கள் ஒன்றாவது செய்திருக்கிறீர்களா, வாய் மட்டும்தானா?

பெரும்பாலும் வாய்தான். ஒன்றே ஒன்று செய்தேன், அதுவும் தெரியாமல். எங்கள் வீட்டுக் கொலு பார்க்கில் ஒரு குளம். அம்மாவின் உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி. இரண்டு உள்ளங்கை அகலம். வருடத்துக்கு ஒரு பொம்மை வாங்குவது வழக்கம். செட்டியார் கடைக்குப் பக்கத்தில் ஒரு வருடம் பள்ளிக்கூடம் வந்தது. அடுத்த வருடம் கல்யாண மண்டபம். அப்புறம் ஒரு பஸ், பஸ் போக ஒரு ரோடு. ஒவ்வொரு முறையும் கரையோர மணலை லேசாக, ஒரு விரற்கடை மட்டும், உள்ளே தள்ளுவோம்.

போன நவராத்திரியில் எதிர்வீட்டுச் சிறுமி சுண்டல் வாங்க வந்தாள். குனிந்து பார்த்துவிட்டு, "வாத்து ஏன் ரோட்டுல நிக்குது?" என்றாள். மணலை விரலால் ஒதுக்கிப் பார்த்தேன். கண்ணாடி எங்கும் போகவில்லை. கல்யாண மண்டபத்துக்கு அடியில் இருந்தது.