மண்டபம் பார்க்கும் மாமா

பெண்ணுக்குத் தேதி குறித்தாயிற்று என்ற சேதி சொந்தத்துக்குள் பரவும்போது, எல்லோரும் சந்தோஷம் சொல்வார்கள். ஒருவர் மட்டும், "மண்டபம் பிடிச்சாச்சா?" என்று கேட்பார். பெண்ணின் அப்பா "இனிமேதான்" என்று சொல்லி முடிப்பதற்குள் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நிற்கும். பெரும்பாலும் இவர் தாய்மாமனாக இருப்பார். அமையாவிட்டால், ஓய்வு பெற்ற பெரியப்பா அந்தப் பொறுப்பை ஏற்பார். நான் மதுரைக்காரன் என்பதால் மதுரை மாமாவைத்தான் நன்றாகத் தெரியும்.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் மேடையைப் பார்ப்பார்கள். மாமா நேரே கழிப்பறைக்குப் போவார். அவசரம் ஒன்றுமில்லை, ஆய்வு. எல்லாக் குழாயையும் திறந்து விடுவார். தண்ணீர் உப்பா என்று நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பார். அடுத்தது சமையற்கட்டுச் சாக்கடை. அப்புறம் சாப்பாட்டு ஹால். "ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும்?" என்பார். மேனேஜர் 300 என்றதும், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முழங்கையையும் விரித்துப் பார்த்துவிட்டு, "240" என்று தீர்ப்புச் சொல்வார். கடைசியாகத்தான் மேடை. அதையும் அவர் பார்ப்பதில்லை. ஓங்கி ஒரு கைத்தட்டல். எதிரொலி கேட்டால், "மேளம் வாசிச்சா மந்திரம் கேக்காது" என்று குறை. கேட்காவிட்டால், "என்ன இது, செத்த ஹாலா இருக்கு" என்று குறை.

குறை சொல்ல அவரிடம் ஓர் அளவுகோல் இருக்கிறது: தன் மூத்த மகளின் கல்யாணம் நடந்த மண்டபம். உலகத்தில் அதற்குமேல் ஒரு மண்டபம் கட்டப்படவில்லை. அந்த மண்டபத்தை இடித்து ஷோரூம் கட்டிவிட்டார்கள் என்பது அவருக்கு ஒருவகையில் வசதி. யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது.

வெளிமாநிலத்துச் சம்பந்தி வாய்த்துவிட்டால் மாமாவுக்குக் கூடுதல் வேலை. "தாலி கட்டுவதற்கு முன்தினமே ரிசப்ஷன் என்றால் எப்படி? இன்னும் கல்யாணமே ஆகவில்லையே?" என்று அவர்கள் நியாயமாகத்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் நமக்குப் பழகிவிட்டது. மாப்பிள்ளை அழைப்பு நடக்கும் அதே மாலையில் ஜோடியாக நிற்க வைத்து மொய்க்கவரும் வாங்கிவிடுகிறோம். மாமா சாஸ்திரத்துக்கெல்லாம் போகமாட்டார். "முந்தின நாள் சாயங்காலத்துல இருந்து மறுநாள் மதியம் வரைக்கும் மண்டபம் நம்ம கையில. ஒரே வாடகை. ஆபீஸ்காரன் எவன் விடியக்காலை நாலரை மணி முகூர்த்தத்துக்கு வருவான்?" என்பார். சம்பந்திக்கு உடனே விளங்கிவிடும்.

வாடகை பேசும்போது மாமாவின் முகமே மாறும். ஆடியிலும் மார்கழியிலும் இதே மண்டபத்தில் புறாதானே குடியிருக்கிறது என்று ஆரம்பித்து, இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி, 10,000 ரூபாய் குறைத்துவிடுவார். மேனேஜரும் மிகுந்த மனவருத்தத்தோடு சம்மதிப்பார். அதன் பிறகே இரண்டாம் தாளை எடுப்பார். கரண்ட் யூனிட் கணக்கு, ஜெனரேட்டர் மணிக்கணக்கு, சிலிண்டர், துப்புரவு, குப்பை, வாட்ச்மேன், எல்லாவற்றுக்கும் மேலாக 18 சதவீத ஜி.எஸ்.டி. டெக்கரேஷனுக்கு மண்டபத்து ஆள்தான் வரவேண்டும். வெளியாள் என்றால் அதற்கும் தனிக் கட்டணம். குறைத்த பத்தாயிரம் எந்தப் பக்கமாகத் திரும்பிப் போனது என்பது பெண்ணின் அப்பாவுக்குக் கடைசிவரை பிடிபடாது. மாமா மட்டும் அடுத்த பத்து வருடத்துக்கு, "மச்சான், அன்னிக்கு நான் மட்டும் வரலைன்னா..." என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

பூ விஷயத்தில்தான் அவருக்குச் சரியான ஆள் எதிரே வருவான். தாடி வைத்த டெக்கரேஷன் இளைஞன், கையில் டேப்லட். "தீம் என்ன சார்?"

"கல்யாணம்."

பையன் பயப்படாமல் படம் காட்டுவான். ஓசூர்ப் பசுமைக்குடிலிலிருந்து ஜெர்பரா, கார்னேஷன், தாய்லாந்திலிருந்து ஆர்கிட். "பூவுக்குப் பாஸ்போர்ட்டா? நிலக்கோட்டைப் பூ பஸ்ஸில வந்து இறங்குது தம்பி" என்பார் மாமா. மாதிரிக்கு நீட்டிய ஜெர்பராவை முகர்ந்து பார்த்து, வாசனை இல்லாததால் அதைப் பூவென்று ஒப்புக்கொள்ள மறுப்பார். மேடையின் பின்வரிசைப் பூவை நகத்தால் கீறிப் பார்த்து, பாதி பிளாஸ்டிக் என்று கண்டுபிடிப்பார். இதில் அவர் சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும்.

அப்போதுதான் மணப்பெண் தன் செல்போனை நீட்டுவாள். மேலிருந்து தொங்கும் வெள்ளைப் பூக்கள், வெளிர் நிறத்தில் திரை.

"வெள்ளையா? நல்ல காரியத்துக்கு வெள்ளை ஆகாது பாப்பா."

"மல்லிகை வெள்ளைதானே மாமா?"

"மல்லிகை எங்க வெள்ளை? மல்லிகை மல்லிகை."

மதுரை மல்லி என்று வந்துவிட்டால் அவரை யாரும் நிறுத்த முடியாது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை, ஏதோ தன் வீட்டுப் பிள்ளை ஐ.ஏ.எஸ். ஆனதுபோலச் சொல்வார். விடியக்காலையில் பறித்த மொட்டு பொழுது சாய்ந்த பிறகுதான் விரியும் என்பதால், ரிசப்ஷனுக்கென்றே ஆண்டவன் படைத்த பூ அது என்பது அவர் சித்தாந்தம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர் "நம்ம பய". விலை பற்றிக் கவலையே வேண்டாம்.

கல்யாணமோ தை மாதம். பனியில் வரத்து குறைந்து, முகூர்த்தமும் சேர்ந்துகொண்டால் மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டும். அன்றைக்குப் பார்த்து "நம்ம பய" போனை எடுக்கமாட்டான். மாமா அசரமாட்டார். பூக்காரம்மாவிடம் முழக்கணக்கில் வாங்கி, அந்த அம்மா அளந்த முழத்தைத் தன் முழங்கையால் மறுபடி அளந்து, சண்டை போட்டு ஒரு சாண் கூடுதலாக வாங்கி வருவார்.

இத்தனைக்கும் ரிசப்ஷனுக்கு வந்தவர்களில் மேடைப் பூவைப் பார்த்தவர் அநேகமாக யாருமில்லை. வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்க்கிறார்கள். மேடை ஏறியதும் கேமராவைப் பார்க்கிறார்கள். இறங்கியதும் சாப்பாட்டு ஹால் எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள். மாமா அங்கே வாசலில் நின்று, இலைக்கு இலை முழங்கை இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

மறுநாள் மதியம் கணக்கு முடிக்கும்போது மேனேஜர் கரண்ட் யூனிட்டைச் சொல்வார். மாமா சட்டைப்பையிலிருந்து டைரியை எடுப்பார். சாவி வாங்கிய நிமிடமே மீட்டர் ரீடிங்கை எழுதி, பக்கத்தில் வாட்ச்மேனின் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பார். முந்தைய கல்யாணத்து யூனிட்டும் நம் தலையில் விழ இருந்தது அப்போது தெரியவரும். மேனேஜர் ஒன்றும் பேசாமல் கால்குலேட்டரை மறுபடி எடுப்பார்.

ஆகவே, வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மீட்டரை மாமாவிடம் விட்டுவிடுங்கள். பூவைப் பெண்ணிடம் விடுங்கள்.