லீலையாம்ல லீலை!

ஏப்பா பேராண்டி, இங்கிட்டு வந்து உக்காரு. அந்தப் போனைக் குப்புறப் போடு, தாத்தா மொகத்தையும் கொஞ்சம் பாரு.

சிவப்பு மூடித் தொட்டிய ராத்திரியே வாசலுக்கு உருட்டி விடச் சொன்னா ஒங்கம்மா. மறந்துபுட்ட. விடியங்காட்டி குப்பை வண்டி போயிருச்சு, கோழி எலும்பு நாறுது. கேட்டா, “எல்லாம் ஆண்டவன் லீலை தாத்தா”ங்குற. லிட்கம் ஸ்டேஷன்ல பேங்க்ஸ்டவுன் வண்டிய விட்டாலும் லீலை, காரைத் தப்பா நிப்பாட்டி பைன் வந்தாலும் லீலை. போனஸ் வந்தன்னைக்கு மட்டும் “என் திறமை”ன்ன. அன்னைக்குச் சாமி லீவுல போயிட்டாரோ?

யூடியூப்ல எவனோ பேசுனதக் கேட்டுப்புட்டு எனக்கே பிரம்ம சூத்திரம் சொல்ற. சரிதான். ஒரு கொறையும் இல்லாத கடவுள் எதுக்கு மெனக்கெட்டு ஒலகத்தைப் படைக்கணும்னு அந்தச் சூத்திரத்தை எழுதுன பாதராயணரு யோசிச்சாரு. ஒலகத்துல நடக்குற மாதிரி அதுவும் வெறும் வெளையாட்டுதான்னு பதிலும் சொன்னாரு. ஆசையெல்லாம் தீந்துபோன ராசா வெளையாடுற மாதிரி, மூச்சு தன்னால வந்துபோற மாதிரின்னு சங்கரர் அதுக்கு உரை எழுதி வச்சாரு. ஆசை தீந்தவன் வெளையாட்டுடா அது! நீ புதுப் போனுக்குத் தவணை கட்டிக்கிட்டிருக்கவன்.

அதோட வீடியோவ நிப்பாட்டிட்டியாக்கும். அடுத்த சூத்திரத்தைக் கேட்டியா? ஒருத்தனை மாளிகையிலயும் ஒருத்தனைத் தெருவுலயும் வச்சா சாமி ஓரவஞ்சனக்காரரு, ஈவிரக்கம் இல்லாதவருன்னு ஆகாதாங்குற கேள்விக்கு அங்கதான் பதில் இருக்கு. ஆகாதாம், அவனவன் வினையைப் பாத்துத்தான் குடுக்குறாராம். கோழி எலும்புக் கணக்கு அந்த எடத்துல வருது.

நம்ம அருணந்தி சிவாச்சாரியார் 13-ம் நூற்றாண்டுலயே சித்தியார்ல கறாராச் சொல்லிட்டாரு. அஞ்சு தொழிலும் அரனோட வெளையாட்டுதான், ஆனா அத்தனையும் உயிர்களைக் கரையேத்துறதுக்கான அருளாம். படைக்கிறது, காக்குறது, அழிக்கிறது, மறைக்கிறது, அருளுறது. அதுல மறைக்கிறதை மட்டும் நீ நல்லாப் படிச்சிருக்க. ஒங்கப்பன் கண்ணுல இன்னும் அந்த பைன் சீட்டு படலையே!

வெளையாட்டைப் பாக்கணும்னா ருக்வுட் மயானத்துக்குப் போய்ப் பாரு, இந்தா நடக்குற தூரந்தான். 1867ல இருந்து சிட்னி டவுன்லருந்து சவப்பெட்டிய ரயில்லயே கொண்டாந்து எறக்குனாய்ங்க. எறக்குறதுக்குன்னே ஒரு கல்லு ஸ்டேஷன், தேவதை சிலையெல்லாம் வச்சு. 1948ல ரயில் நின்னுபோச்சு, ஸ்டேஷன் அனாதையாக் கெடந்துச்சு. பெறகு வெறும் 100 பவுண்டுக்கு வாங்கி, கல்லுகல்லாப் பிரிச்சு, கான்பராவுல எயின்ஸ்லிக்கு ஏத்திக்கிட்டுப் போயி வேதக்கோயிலாக் கட்டிப்புட்டாய்ங்க. பொணம் வந்து எறங்குன கட்டடத்துல இப்பச் சாமி கும்புடுறாய்ங்க. இதப் பாத்து லீலைன்னு சொல்லு, ஒத்துக்கிறேன். இதுல ஒனக்கு லாபமும் இல்ல, தப்பிக்கிற வழியும் இல்ல பாரு.

நான் மதுரைக்காரன், எங்கிட்டயே லீலை பேசுறியே! பரஞ்சோதி முனிவர் 64 வெளையாட்டு எழுதியிருக்காரு. ஆவணி மூலத்துல சாமி புட்டுத்தோப்புக்கே எழுந்தருளி வந்து மண் சுமப்பாரு. அந்தக் கதையில, வைகை ஒடைச்சுக்கிட்டு வருது, வீட்டுக்கு ஒரு ஆள் கரையடைக்க வரணும்னு பாண்டியன் உத்தரவு. புட்டு விக்கிற வந்திக் கெழவிக்கு நாதியில்ல. சாமி கூடையும் மம்பட்டியுமா வந்து, உதிந்த புட்டு கூலின்னு பேசிக்கிறாரு. தின்னாரு, ஆடுனாரு, பாடுனாரு, மரத்தடியில குறட்டையும் விட்டாரு.

ஒனக்குக் கண்ணு மின்னுதே! ‘அப்ப நானும் சாமி சாதிதான்’னு கணக்குப் போடுற. பொறு. ராசா பெரம்பால அடிச்சப்ப முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாரே, அந்த எடத்துக்கு வா. அடி ராசா முதுகுல, ராணி முதுகுல, வயித்துல இருந்த புள்ள முதுகுல கூட விழுந்துச்சு. நீ மேனேஜர் ஒரு மெயிலு கடுப்பாப் போட்டதுக்கே சோறு எறங்காமக் கெடந்தவன். அப்பறம் என்ன செஞ்சாரு? ஒரே ஒரு கூடை மண்ணைக் கொட்டுனாரு, ஒடைப்பு அடைஞ்சுபோச்சு, ஆளையும் காணோம். வேலைய முடிச்சுப்புட்டுத்தான்டா மறைஞ்சாரு.

சரி சரி, மொறைக்காத. அடுப்படியில புட்டு வாசம் வருது. முழுசா இருக்கத நீ தின்னு, உதிந்ததெல்லாம் எனக்கு. வாங்குன கூலிக்கு மண்ணு சுமந்தியான்னு மட்டும் கேட்டுறாத, தாத்தாவுக்கு முழங்கால் வலி.