விடப்போகும் வீரர்

விடப்போகும் வீரர், தமிழகப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை காணப்படுபவர். அணியில் இருந்துகொண்டே, அணியை விடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பது இவருடைய அடையாளம். வாலிபாலிலும் கோ-கோவிலும் இவ்வினம் உண்டு என்றாலும் செழித்து வளர்வது கபடியில்தான். ஒரு கபடி அணியில் 12 பேர் வரை இருக்கலாம். களத்தில் 7 பேர்தான் ஆட முடியும். மிச்சம் 5 பேருக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

யோசனைக்குப் பருவம் உண்டு. குறுவட்டப் போட்டி நெருங்கும்போது கபடிக்காக உயிரையே விடுவார். காலாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும், "இனிமே கபடி கிடையாதுடா" என்று முதல் அறிவிப்பு வெளியாகும். நண்பர்கள் அலட்டிக்கொள்வதில்லை, அரையாண்டுக்கும் இது வரும்.

வெளியில் சொல்லும் காரணம் படிப்பு. ஆனால் லெஃப்ட் கார்னரில் தனக்குப் பதிலாக ஒரு வகுப்பு சின்னப் பையன் இறங்கிய நாளில்தான் படிப்பின் அருமை இவருக்குப் புலப்பட்டது. விடாமல் இருப்பதற்கும் அப்படியே. "டீமை விட்டுட்டுப் போக மனசு வரல" என்பார். மனசு வராதது ஓ.டி. எனும் 'ஆன் டியூட்டி'யை விட. வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு, வேனில் பாட்டு, திரும்பும் வழியில் பரோட்டா. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கித் திருப்பித் தராத பள்ளிகளில் ஓ.டி.யைத் தவிர வேறு போக்கிடமும் இல்லை.

வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் சிராய்ப்பும் பொதுத்தேர்வும் ஒரே கவலை. அப்பா நேர் எதிர்: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம், அரசு வேலையில் 3 சதவீதம் என்று மனப்பாடமாகச் சொல்வார். அதற்கெல்லாம் மாநில, தேசிய அளவுச் சான்றிதழ் வேண்டும். மகன் குறுவட்டத்திலேயே தண்ணீர் பாட்டில் பொறுப்பில் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. மகன் சொல்வான் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

விலகலை முறைப்படி பி.டி. சாரிடம் சொல்ல வேண்டும். இவருடைய ஆட்டத்திறன் வெளிப்படும் இடம் இதுவே. ரைடு போகிறவர் புள்ளி எடுக்காவிட்டாலும் பாக் லைனையாவது தாண்டித் திரும்ப வேண்டும். இவரும் சாரின் அறை வாசலைத் தாண்டுவார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல சார்... நாளைக்குப் பிராக்டிஸ் எத்தனை மணிக்கு சார்?"

இரண்டு ரைடு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீர வேண்டும் என்பது இன்றைய விதி. சாரின் அறைக்கு அது செல்லாது. பத்துப் பதினைந்து வெற்று ரைடுகள் சாதாரணம்.

எப்போதாவது யாருக்கேனும் கணுக்கால் பிசகி, இவர் களமிறங்கி, வந்து மோதிய ரைடர் தானாகவே தடுக்கி விழுந்து ஒரு புள்ளி கிடைத்துவிடும். யோசனை அடுத்த தேர்வு வரை ஒத்திவைக்கப்படும். கடைசியில் முடிவெடுப்பது பெரும்பாலும் பிளஸ் டூ ஸ்பெஷல் கிளாஸ்தான். மாலை நாலரைக்கு அது தொடங்கியதும், யாரிடமும் சொல்லாமலே விலகல் நிறைவேறிவிடுகிறது. பட்டியலில் பெயர் இல்லாததைப் பி.டி. சார் கவனித்ததாகத் தகவல் இல்லை. அன்று முதல் இவர், "நான் மட்டும் விடாம இருந்திருந்தா இந்நேரம் புரோ கபடியில..." என்று பேச்சைத் தொடங்கும் வேறோர் இனத்தில் சேர்த்து எண்ணப்படுகிறார்.