ஏழு சகோதரர்கள், ஆறு கடத்தல், ஒரு குழந்தை

1954ல் ஸ்டான்லி டோனன் இயக்கிய 'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம் என்பார்கள். தாராளமாக. குடும்பத்தில் ஒரு வக்கீல் இருந்தால் இன்னும் நல்லது.

1850, ஆரெகன் மலைப்பக்கம். மூத்தவன் ஆடம் சந்தைச் சாமான் வாங்க ஊருக்குள் வருகிறான். ஏர், பாகு, புகையிலை, அப்படியே ஒரு பெண்டாட்டி. சாப்பாட்டு விடுதியில் வேலை செய்யும் மில்லியின் கைப்பக்குவம் நாக்குக்குப் பிடிக்கிறது, அன்றே கல்யாணம். வீட்டில் குளிக்காத தம்பிகள் ஆறு பேர் இருப்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டான். பெயரெல்லாம் பைபிளிலிருந்து, ஆங்கில அகரவரிசைப்படி. 'எஃப்' எழுத்துக்கு ஆள் கிடைக்காததால் ஒருவனுக்குச் சாம்பிராணி (ஃபிராங்கின்சென்ஸ்) என்றே வைத்துவிட்டார்கள்.

மில்லி அவர்களைத் தேய்த்துக் குளிப்பாட்டி, நாசூக்கு கற்றுக்கொடுத்து, ஊரார் கூடிக் களஞ்சியம் கட்டும் விழாவுக்கு அனுப்புகிறாள். இங்கேதான் நம் நியாய உணர்ச்சி விலைபோகிறது. மைக்கேல் கிட் அமைத்த நடனம் அப்படி. ஒற்றைப் பலகைமேல் ஏறிக் குட்டிக்கரணம் போடுகிறார் தம்பிகளில் ஒருவராக வரும் ரஸ் டாம்ப்ளின். இன்னொரு தம்பியாக வரும் ஜாக் டாம்ப்வாஸ் நியூயார்க் பாலே மேடையிலிருந்து வந்தவர். பெஞ்சமினாக வரும் ஜெஃப் ரிச்சர்ட்ஸ் மட்டும் பேஸ்பால் ஆட்டக்காரர். ஆட்டம் சூடுபிடிக்கும்போதெல்லாம் அவர் நைசாக ஓரமாகிவிடுவதைக் கவனியுங்கள். நான் இந்தக் காட்சியை ரீவைண்ட் செய்து பார்க்கும் ஜாதி.

பிறகு தம்பிகளுக்கு, விழாவில் கூட ஆடிய ஆறு பெண்கள்மேல் காதல் ஏக்கம். அண்ணன் மருந்து சொல்கிறான்: மில்லியின் புளூட்டார்க் புத்தகத்தில் ரோமானியர்கள் சபைன் பெண்களைத் தூக்கிப்போன கதை. உலக இலக்கியம் படித்ததால் வந்த வினை! ராத்திரியோடு ராத்திரியாக ஆறு பெண்களையும் போர்வையில் சுருட்டித் தூக்கி வருகிறார்கள். பின்னால் பனிச்சரிவு கணவாயை அடைக்கிறது. (பணத்தை எம்ஜிஎம் தன் இன்னொரு படமான 'பிரிகடூன்' பக்கம் திருப்பிவிட்டதால் இங்கே மலையில் பாதி, தீட்டிய திரைதான்.) எல்லாம் முடிந்தபிறகுதான் ஞாபகம் வருகிறது: தாலி கட்டிவைக்கப் பாதிரியாரைக் கடத்தவில்லை!

படத்தில் மூளை உள்ள ஒரே ஜீவன் மில்லி. பெண்கள் வீட்டுக்குள், ஆண்கள் மாட்டுக் கொட்டகைக்கு. ஆடம் கோபித்துக்கொண்டு மலையேறிவிடுகிறான். குளிர்காலம் முழுக்க அழுதும் திட்டியும் தீர்த்த பெண்களுக்கு வசந்தம் வந்ததும் காதலும் வந்துவிடுகிறது. பனிக்கட்டிக்கு என்ன வசியமோ!

வழி திறந்ததும் அப்பன்மார் துப்பாக்கியோடு வந்து இறங்குகிறார்கள். உள்ளே மில்லியின் குழந்தை அழுகிறது. யாருடையது என்று கேட்டால் ஆறு பெண்களும் ஒரே குரலில், "என்னுடையது!" ஒரு பிள்ளைக்கு எப்படி ஆறு தாய் என்று எந்த அப்பனும் கணக்குப் போடவில்லை. துப்பாக்கி முனையில் ஆறு கல்யாணமும் அங்கேயே. இந்தத் தடவை பாதிரியாருக்கும் பஞ்சமில்லை. கடத்தப்பட்டவர்களில் ஒருத்திக்கு அவர்தான் அப்பா.