அலுமாரிக்குள் இருந்த வாளி

1985 தை மாதம். கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், ஒரு வீட்டின் மேல்மாடி. மூன்று அறைகளில் ஏழு பேர் இருந்தோம். ஒருவரைத் தவிர எல்லோரும் 1983 ஆடிக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். அந்த ஒருவர் எழுபதுகளில் படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டவர். எங்களுக்கு அவர் அண்ணை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த வீட்டில் சுடுநீர்த் தாங்கி இருந்த அலுமாரி ஒன்று இருந்தது. துவாய், படுக்கை விரிப்பு எல்லாம் அதற்குள்தான் காயும். வீட்டில் எப்போதும் சூடாக இருந்த ஒரே இடம் அதுதான். அங்கேதான் என் முதல் பியர் வாளியை வைத்தேன்.

பெற்றோல் நிலையத்தில் என்னோடு இரவு வேலை செய்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர்தான் வீட்டில் பியர் வடிக்கச் சொல்லித் தந்தார். 1963 வரை இந்த நாட்டில் வீட்டில் பியர் வடிக்க அனுமதிப்பத்திரம் வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நிதியமைச்சர் ரெஜினால்ட் மோட்லிங் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். விற்கக் கூடாது, குடிக்கலாம். எழுபதுகளில் பூட்ஸ் போன்ற மருந்துக் கடைகளிலேயே இருமல் மருந்துக்குப் பக்கத்துத் தட்டில் பியர் வடிப்பதற்கான பாகுப் பேணிகள் அடுக்கியிருக்கும். அவர் இருபது வருடமாக வடித்துக்கொண்டிருந்தார். "முதல் தடவை என்றால் கறுப்பு பியர் போடு. சின்னப் பிழைகளை அது மன்னித்துவிடும்" என்றார். அந்த ஒரு வசனத்தை அவர் சொன்னதற்காக இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறேன். அது முழு உண்மை. வறுத்த தானியத்தின் கசப்பும் கருகல் மணமும் நாக்கில் முன்னுக்கு நிற்பதால், மெல்லிய மஞ்சள் பியரில் உடனே காட்டிக்கொடுக்கும் குறைகள் ஸ்டவுட் என்ற அந்தக் கறுப்பு பியரில் அடங்கிப்போகும்.

ஆனால் பெரிய பிழைகளை அது மன்னிக்காது. அதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பேணியைத் திறந்த அந்த நிமிடம் இன்னும் மூக்கில் நிற்கிறது. உள்ளே இருந்தது கன்னங்கரேலென்ற பாகு. மோல்ட் எனப்படும் முளைவிட்ட பார்லியை ஊறவைத்து இனிப்பை இறக்கி, ஹொப் பூவின் கசப்பைச் சேர்த்து, தண்ணீரை வற்ற எடுத்தால் வருவது. கரண்டியில் எடுத்தால் கம்பியாக இறங்கியது. அம்மா அடுப்பில் கருப்பநீரைக் காய்ச்சிப் பனங்கட்டி ஊற்றும்போது, பதம் வருவதற்குச் சற்று முன் எழும் மணம் அதில் இருந்தது. வாசலில் வந்து நின்ற அண்ணையும் அதைத்தான் பிடித்தார்.

"என்னடாப்பா, பனங்கட்டியே காய்ச்சிறாய்?"

"இல்லை அண்ணை, பியர்."

"பியரை ஏன்ரா காய்ச்சிறாய்? கடையில விக்குதுதானே."

"இது நாற்பது பைன்ட் வரும் அண்ணை. ஒரு பைன்டுக்குக் கொஞ்சப் பென்ஸ்தான் முடியும்."

எனக்கு அன்று முக்கியம் அதுதான். ஊருக்கு அனுப்பவேண்டிய காசு, கடன், வாடகை எல்லாம் போக மிஞ்சியதில் ஒரு மதுச்சாலைக்குள் போய் உட்கார மனம் வராது. பேணியோடு வந்த தாளில் இருந்தபடி பாகைக் கொதிநீரில் கரைத்தேன். ஒரு கிலோ சீனி கொட்டினேன். குழாய்த் தண்ணீரால் 23 லீற்றருக்கு நிரப்பி, சின்னப் பையிலிருந்த மதுவத்தைத் தூவி, அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். அரை மணித்தியால வேலை. இதற்குமேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

கள்ளைப் பார்த்து வளர்ந்தவன் அப்படித்தான் நினைப்பான். பனையில் முட்டி கட்டினால் போதும். காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கும் மதுவம் தானாகவே வேலையைத் தொடங்கிவிடும். விடிய இறக்கும்போதே கள்ளு நுரைத்துக்கொண்டு வரும். அதைத் தடுக்கத்தான் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. அன்றைக்கு இறக்கியதை அன்றைக்கே தவறணையில் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடித்து முடிப்பார்கள். அடுத்த நாளுக்கு வைத்தால் புளித்துவிடும். கள்ளில் பொறுமைக்கு இடமில்லை. அந்த அறிவோடுதான் நான் பியருக்குள் இறங்கினேன், அங்கேதான் பிழைத்தது.

அந்த அலுமாரிக்குள் 30 பாகைக்குக் குறையாத சூடு. மதுவம் வெறிபிடித்ததுபோலப் பொங்கியது. மூடியைத் தள்ளிக்கொண்டு நுரை வழிந்து துவாய்களை நனைத்தது. இரண்டு நாள் இப்படி. அளவுக்கு மிஞ்சிய சூட்டில் நொதித்தால் கனமான மதுசாரங்கள் உருவாகும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். மூன்றாம் நாள் வீட்டின் காஸ் நின்றுவிட்டது. 50 பென்ஸ் நாணயம் போட்டால்தான் காஸ் வரும் மீற்றர் அது. மாதக் கடைசி, ஒருவரிடமும் நாணயம் இல்லை. வெளியே பனி. அலுமாரியும் குளிர்ந்தது, வாளியும் குளிர்ந்தது, நுரையும் அடங்கியது.

நுரை அடங்கினால் முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். அது முடியவில்லை. குளிரில் மதுவம் உறங்கிவிட்டது, அவ்வளவுதான். உண்ணாத சீனி பியருக்குள் அப்படியே இருந்தது. தெருத் தெருவாகப் பொறுக்கிக் கழுவிய கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, வாயு கட்டுவதற்கென்று ஒவ்வொன்றிலும் சீனி போட்டேன். அரைத் தேக்கரண்டி என்று தாளில் இருந்தது. நான் குவித்து ஒரு கரண்டி போட்டேன். மூடியை இறுக்கி, அறுபதுக்கு மேற்பட்ட போத்தல்களை அதே அலுமாரியில் அடுக்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தது. மீற்றருக்குள் நாணயம் விழுந்தது. அலுமாரி மறுபடி சூடேறியது.

ஞாயிறு விடியப்புறம் இரண்டு மணி இருக்கும். முதல் போத்தல் வெடித்தது. அதன் கண்ணாடி பட்டு அடுத்தது. பிறகு வரிசையாக.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியும், ஆனால் எழுத விருப்பமில்லை. நான் கண் திறந்தபோது என் அறையில் படுத்திருந்த மற்ற இருவரும் கட்டிலில் இல்லை. நிலத்தில் முகம் குப்புறப் படுத்து, கைகளால் தலையை மூடியிருந்தார்கள். அடுத்த அறையில் ஒரு தம்பி, வந்து ஆறு வாரம்கூட ஆகாதவன், கட்டிலுக்குக் கீழே புகுந்துவிட்டான். "லைற்றைப் போடாதேங்கோ, லைற்றைப் போடாதேங்கோ" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அண்ணைதான் எழும்பி நடைபாதை விளக்கைப் போட்டார். அலுமாரிக்குக் கீழிருந்து கறுப்பாகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவர் என்னைப் பேசவில்லை. கட்டிலுக்குக் கீழே கிடந்தவனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, "ஒண்டுமில்லையடா ராசா, போத்தல். பியர்ப் போத்தல்" என்று கன நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்ததும் மிச்சப் போத்தல்களை ஈரச் சாக்குப் போட்டு மூடி, ஒவ்வொன்றாக முற்றத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து சாக்கடையில் ஊற்றினோம். ஒரு வாய்கூட யாரும் குடிக்கவில்லை. அதன் பிறகு முப்பத்தைந்து வருடம் நான் பியர் வடிக்கவில்லை.

2020 மார்ச் 20ஆம் தேதி இரவு இங்கிலாந்தின் மதுச்சாலைகள் எல்லாம் மூடப்பட்டன. அப்போது எனக்குச் சொந்த வீடு, பிள்ளைகள் வளர்ந்து போய்விட்டார்கள், குடிப்பதற்குக் காசில்லை என்ற நிலை எப்போதோ மாறிவிட்டது. காசு இருந்தது, போக இடம் இல்லை. அந்த வாரமே ஒரு ஸ்டவுட் பேணி வாங்கினேன். திறந்தபோது அதே பனம்பாகு மணம்.

பேணி மாறவில்லை. 1.7 கிலோ பாகு, மூடிக்குள் ஒரு தாள், சின்னப் பையில் மதுவம். மாறியது நான் அதைக் கையாண்ட விதம். சீனியைத் தவிர்த்தேன். ஒரு கிலோ வெள்ளைச் சீனி மதுசாரத்தைத்தான் கூட்டும், உடம்பைத் தராது. பியர் தண்ணியாக இருக்கும். அதற்குப் பதிலாக 1.5 கிலோ மோல்ட் பாகு இன்னொரு பேணி சேர்த்து, 23 லீற்றருக்குப் பதில் 20 லீற்றரோடு நிறுத்தினேன். பேணியில் வடிப்பவர்கள் செய்யக்கூடிய மாற்றங்களில் இதற்கு ஈடானது வேறில்லை என்பது என் முடிவு. செலவு கூடும். அன்று மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன். இன்று கடையில் வாங்குவதைவிட அதிகம் மலிவில்லாத ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறேன், மகிழ்ச்சியோடு.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். லண்டன் தண்ணீர் கடினமானது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். வறுத்த தானியத்தின் புளிப்பை அந்தத் தண்ணீர் சமன்செய்யும். பதினெட்டாம் நூற்றாண்டில் போர்ட்டர் என்ற கறுப்பு பியர் இந்த நகரத்தில் செழித்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1817இல் டேனியல் வீலர் என்பவர் கோப்பிக்கொட்டை வறுப்பதுபோல மோல்டை உருளையில் போட்டுக் கருக்க வறுக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். அதன் பிறகு கொஞ்சம் கருக்கிய தானியமே பியரைக் கறுப்பாக்கப் போதுமானதாயிற்று. ஆனால் பேணியில் வடிப்பவருக்குத் தானியத்தை ஊறவைக்கும் வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. அவர் கவனிக்கவேண்டியது தண்ணீரில் உள்ள குளோரினைத்தான். அது பியரில் மருந்து வாடையைக் கொண்டுவரும். கேம்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்து வாளித் தண்ணீரில் கலந்தால் போய்விடும்.

சூட்டுக்கு, வாளியில் ஒட்டும் வெப்பமானித் தாள் ஒன்று ஒட்டினேன். 18க்கும் 20க்கும் இடையில் வைத்திருக்க, மாடிப்படிக்குக் கீழே இருந்த இருட்டு மூலை போதுமாயிருந்தது. வாளி, கரண்டி, குழாய், மூடி, என் கை எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் நனைத்த பிறகே பியரைத் தொட்டேன். முட்டியில் எது விழுந்தாலும் கள்ளு அன்றே குடித்து முடிந்துவிடும். மாதக்கணக்கில் போத்தலில் இருக்கப்போகும் பியருக்குள் விழுந்த ஒரு பற்றீரியா அங்கேயே குடும்பம் நடத்தும்.

நீரமானி வாங்கினேன். கொஞ்சக் காசுக்குக் கிடைக்கும், பியரின் அடர்த்தியைக் காட்டும் மிதக்கும் கண்ணாடிக் குழாய். தொடக்கத்தில் 1.048 காட்டியது. சீனி குறையக் குறையக் குழாய் கீழே இறங்கும். இரண்டாம் வாரம் நுரை முழுதாக அடங்கியது. 1985இல் அந்த இடத்தில்தான் போத்தலை எடுத்தேன். இம்முறை எடுக்கவில்லை. மூன்றாம் வாரக் கடைசியில் மூன்று நாள் தொடர்ந்து 1.013. அசையவில்லை. அப்போதுதான் அடைத்தேன். ஒரு லீற்றர் பியரில் 4 கிராம் சீனி புளித்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் வாயு பிறக்கும். அந்தக் கணக்கு தெரிந்தால் குவித்த கரண்டி என்ன செய்யும் என்று விளங்கும்.

இரண்டு வாரம் வீட்டுச் சூட்டில், பிறகு குளிர்ந்த கொட்டிலில். ஒரு மாதத்தில் ஒன்றைத் திறந்தேன். கருகலும் இனிப்பும் தனித்தனியாக நின்றன. மூடிவைத்துவிட்டுக் காத்திருந்தேன். மதுச்சாலைகள் ஜூலை 4ஆம் தேதி மறுபடி திறந்தன. என் பியரும் அந்த வாரம்தான் பதத்துக்கு வந்தது. போக இடமில்லாத நாட்களுக்கென்று போட்டது, போக இடம் வந்த அன்று தயாரானது. நான் மதுச்சாலைக்குப் போகவில்லை. இரண்டு போத்தலை எடுத்துக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன்.

தோட்டத்தில் இரண்டு மீற்றர் தள்ளிக் கதிரை போட்டிருந்தார். எண்பதை நெருங்கிய வயது. போத்தலைக் கண்டதும் கேட்டார்:

"நீ வடிச்சதோ?"

"ஓம் அண்ணை."

"வெடிக்காதோ?"

"வெடிக்காது அண்ணை. நீரமானி வைச்சுப் பாத்தனான்."

மூடி திறந்தபோது மெல்லிய சீறல். கபில நிற நுரை இரண்டு விரல் உயரம் எழுந்து நின்றது. அண்ணை இளவயதில் நுவரெலியாவுக்குப் போனபோது அங்கே வடித்த லயன் பியர் குடித்தவர். பிற்காலத்தில் அதே கம்பனியின் ஸ்டவுட்டை மைக்கல் ஜாக்சன் என்ற ஆங்கில பியர் எழுத்தாளர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். எட்டு வீதத்துக்கு மேல் மதுசாரம் உள்ள கனத்த பியர் அது. என்னுடையது நாலரைதான். அண்ணை ஒரு வாய் குடித்து, வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினார்.

"லயன் அளவுக்கு இல்லை. ஆனா நல்லாயிருக்கு."

பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்டார். கனடாவில் இருக்கிறான், பேரப்பிள்ளை கண்டுவிட்டான் என்றேன். "அவனுக்கும் ஒண்டு குடுக்கவேணும்" என்றார். போத்தலை அவ்வளவு தூரம் அனுப்ப வழி தெரியவில்லை. அவன் வரும்போது கொடுக்க ஆறு போத்தல்களை அன்றே ஒதுக்கிவைத்தேன்.

வடிக்கத் தொடங்குகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். புதிய வாளிகள், பம்புகள், பளபளக்கும் உருக்குப் பாத்திரங்கள் எதுவும் முதல் தடவைக்கு வேண்டாம். ஒரு நீரமானி மட்டும் வாங்குங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டும்வரை ஒரு போத்தலையும் மூடாதீர்கள். உங்கள் வீட்டில் யார் உறங்குகிறார்கள், அவர்கள் என்ன சத்தங்களைக் கேட்டு வந்தவர்கள் என்பது உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்காது.